பின்சீட்டுக்காரர்

"கண்ணாடிக்குப் போட்டாச்சு சார். டயருக்கு, இன்ஜின்ல தண்ணி புகுந்தா அதுக்கு, சாவி தொலைஞ்சா அதுக்கும் போட்டாச்சு. அடுத்து டிரைவருக்கும் பின்னாடி உட்கார்றவங்களுக்கும்" என்றார் போனில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

பாத்திரக்கடை முதலாளி பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். ஸ்பீக்கர் போட்டிருந்தது. பேரம் பேசும்போது கேட்க ஆள் வேண்டும் அவருக்கு. இப்போதைக்கு டிரைவர் ஒருவன்தான் இருந்தான்.

சாவிக்குக்கூடத் தாராளமாகத் தலையாட்டியவர், ஆள் என்று வந்ததும் கையை இறுக்கினார்.

"பின்னாடி உட்கார்றது நான் ஒருத்தன். எனக்கு என்னய்யா ஆகப்போகுது? டிரைவருக்கும் வேண்டாம். நம்ம ஆள் ஓட்டினா மடியில வச்ச டீ தளும்பாது. ரெண்டையும் எடுத்துட்டுத் தொகையைச் சொல்லு."

பாராட்டுக்குப் பிரீமியம் கிடையாது.

ஏஜென்ட் தொகையைச் சொன்னார். முதலாளி அதிலும் கொஞ்சம் குறைத்து, ஜெயித்த முகத்தோடு போனை வைத்தார்.

வண்டியின் வேகம் குறைந்தது.

ஊர்க்கோடியில் மூடப்போகும் ஒரு கடையின் மொத்தச் சரக்கும் அடிமாட்டு விலைக்கு வந்திருந்தது. முதலில் வந்து நிற்பவருக்குத்தான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். முதலாளியின் சகலைக்கும் இதே வியாபாரம். அவரும் கிளம்பிவிட்டதாகத் தகவல். போன தடவை சகலை முந்திக்கொண்டதை, முதலாளியின் மனைவி இன்னும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

ஒரு சைக்கிள் காரை முந்தியது. உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று ஓட்டியவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"என்னப்பா, வண்டியைத் தாலாட்டுறியா? மிதி."

"மிதிக்கலாம் முதலாளி. டயருக்கு ஒண்ணுன்னா டயர் வந்துரும். சாவிக்கு ஒண்ணுன்னா சாவி வந்துரும். எனக்குத்தான் எதுவும் சொல்லக் காணோம். அதான் பார்த்துப் போறேன்."

குரலில் கோபம் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னான். முன்னால் ஒரு குப்பை லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே மரியாதையாகப் போனான்.

எதிராளி இனி இறங்கி வரமாட்டான் என்பது நல்ல வியாபாரிக்குச் சீக்கிரம் புரிந்துவிடும். முதலாளி போனை எடுத்தார்.

"டிரைவருக்கும் போட்டுரு. ஆமா, இப்பவே. இல்லய்யா, டிரைவருக்கு மட்டும்."

"ரொம்ப நன்றி முதலாளி" என்ற டிரைவர், மிதித்தான்.

லாரி பின்னால் போயிற்று. சைக்கிள் வந்த சுவடே தெரியவில்லை. ஒரு பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே, கார் நுழையாது என்று முதலாளி நினைத்த இடத்தில் கார் நுழைந்து வெளியே வந்தது. மடியில் டீ இல்லாதது நல்லதாயிற்று.

அடுத்த வளைவில் சகலையின் கார் தெரிந்தது. அதைத் தாண்டிவிட்டால் சரக்கு கைக்கு வந்த மாதிரிதான்.

டிரைவர் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை நடுரோட்டுக்கு எடுத்தான். எதிரே ஒரு டேங்கர் லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தபடி வந்தது.

முதலாளியின் பார்வை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கண்ணாடி. டயர். இன்ஜின். சாவி. டிரைவர்.

முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"விடுப்பா, அவரே போகட்டும்" என்றார். "சகலைதானே, வேத்தாளா?"