அசல் விஸ்கி

"விஸ்கியில தேனாம், லவங்கப்பட்டையாம், பீச் பழமாம். இருமல் மருந்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் வாத்தியார்.

அந்த பாரில் மற்ற எல்லா மேசைகளிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"காலம் கெட்டுக் கிடக்கு. நாம ரெண்டு பேர்தான் இன்னும் அசல் விஸ்கி குடிக்கிறோம்" என்றார் மீசைக்காரர்.

சொன்னாரே தவிர, அவர் கிளாஸில் இருந்ததே தேன் விஸ்கிதான். ஒரு மாதமாக சர்வரிடம் கண்ணைக் காட்டி அதைத்தான் வரவழைக்கிறார். பார்வைக்கு நிறம் ஒன்றுதான் என்பதால் இருபது வருட நண்பருக்குச் சந்தேகமே வரவில்லை.

செல்போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பியவருக்குப் பகீரென்றது. டி.வி.யில் மேட்ச் பார்த்தபடி வாத்தியார் தவறுதலாக மீசைக்காரரின் கிளாஸை எடுத்திருந்தார். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கிளாஸை உற்றுப் பார்த்தார். மறுபடியும் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

மானம் கப்பலேறியாச்சு என்று நினைத்த மீசைக்காரர், முகத்தை மறைக்க மேசையில் இருந்த வாத்தியாரின் கிளாஸை எடுத்து வாயில் கவிழ்த்தார்.

பட்டை கமகமவென்று மணந்தது.

மெல்ல நிமிர்ந்தார். வாத்தியார் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றார் மீசைக்காரர்.

"ரெண்டு மாசம். நீங்க?"

"ஒண்ணு."

வாத்தியார் தேன் கிளாஸைத் திருப்பித் தரவில்லை. "இது நல்லாத்தான் இருக்கு. சர்வர்கிட்ட இன்னொண்ணு சொல்லுங்க. ஆனா மெதுவா சொல்லுங்க, இந்த பார்ல நமக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."