களவு போன மரங்கொத்தி

“இங்க பாருங்க! விஜயலெட்சுமி டீச்சர் நம்மட சிரட்டையில இருந்த தேங்காயக் களவா எடுத்துட்டுப் போறா!”

ஜன்னலில் நின்று பதறினாள் லரீபா.

கட்டிலில் கிடந்த லத்தீப் திரும்பவில்லை. “பெரிசாக்காத. விடு.”

பக்கவாதம் வந்த பிறகு அவர் பதுளை டவுனில் இருந்த தன் கடைக்குப் போவதில்லை; மனைவி லரீபாதான் பார்த்துக்கொண்டாள். கம்பை ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லரீபா கெஞ்சினாள். மகள் அழுதாள். மனிதர் அசையவில்லை.

அவர் முகம் மலர்ந்தது ஒன்றுக்குத்தான். ஜன்னலோரக் கொய்யா மரத்தில் தேங்காய்த் துண்டு வைத்துக் கட்டிய சிரட்டைக்குத் தினமும் வரும் குட்டி மரங்கொத்தி. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும்.

“இது ஆம்பிள. தலையோரம் சின்னதா செவப்புக் கோடு, பாத்தியா?” என்பார், குழறும் நாக்கோடு.

இப்போது அதுவும் வருவதில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் வேலியோரம் வேறு சிரட்டை கட்டி, தேங்காயும் வாழைப்பழமும் வைத்துவிட்டார். பறவை அங்கே போய்விட்டது.

சில நாளில் அந்தச் சிரட்டை கிணற்றடிக்கு மாறியது. பிறகு டீச்சர் வீட்டுப் பின்பக்கத்துக்கே போய்விட்டது.

‘கண்ணுக்கே தெரியாமப் பண்ணிட்டாளே! நோயாளி மனுசன்ட சந்தோசத்தப் பறிக்க எப்படி மனசு வந்திச்சி?’

கடையில் உட்கார்ந்தும் லரீபாவுக்கு வேலை ஓடவில்லை. பாதியில் பூட்டிவிட்டு வந்தவள், தன் வீட்டுக்குள் போகாமல் டீச்சர் வீட்டுப் பின்பக்கம் நடந்தாள்.

“டீச்சர்! ஒரு பறவைக்காக இப்படியா...”



மரத்தடி நாற்காலியில் லத்தீப்! கையில் கம்பு. செருப்பெல்லாம் சேறு.

“சத்தம் போடாத. சோடியோட வந்திருக்கு” என்றார் கிசுகிசுப்பாக.

“நீங்க... இங்க எப்படி?”

“நடந்துதான். விழுந்திருவேன்னு நீ பயப்படுவ. அதான் சொல்ல வேணாம்னேன்.”

லரீபா டீச்சரைப் பார்த்தாள். கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை.

“கோவிச்சுக்காதீங்க, ராத்தா. யார் சொல்லியும் லத்தீப் நானா கட்டில விட்டு எறங்கல. அதான் சிரட்டையக் கொஞ்சங் கொஞ்சமாத் தள்ளித் தள்ளிக் கட்டுனேன்.”