சம்பந்தி சாப்பிட்ட இலை

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் ஒரு வாழை இலை வந்து விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்ட இலையாம். என்னமோ சாமியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போன மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

"இந்த வெங்காயத் தோலோடும் சாணியோடும் என்னால் படுக்க முடியாது."

"நீயும் எச்சில் இலைதானே அம்மா" என்றது மண்புழு. "எல்லோரோடும் சேர்ந்து மக்கினால் உரமாவாய். ஓரத்தில் நிற்கிற வாழை உன்னை உறிஞ்சி மறுபடியும் இலையாக விடும். வேறு வழி கிடையாது."

இலை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் பையிடம் இடம் கேட்டது. பை வாயைத் திறந்து உள்ளே விட்டு, முடிச்சும் போட்டுக்கொண்டது.

மூன்று மாதத்தில் வெங்காயத் தோல் இருந்த இடம் தெரியவில்லை. வாழை புதிதாக நாலு இலை விட்டிருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு அவற்றை அறுத்துக் கழுவிப் பந்திக்குக் கொண்டுபோனார்கள்.

பைக்குள் சம்பந்தி இலை கறுத்துக் கூழாகி நாறிக்கொண்டிருந்தது.

"நான் எப்போது வெளியே போவது?" என்று கேட்டது.

"என்ன அவசரம்?" என்றது பை. "இன்னும் முந்நூறு வருஷம் உன்மேல் ஒரு தூசி படாமல் பார்த்துக்கொள்வேன்."