என்ன டயர் போடப்போற?

"என்ன டயர்டா போடப்போற? சொல்லு" என்று அம்மா விடாமல் கேட்டாள்.

"பிக்கப் வண்டிப் பேச்செடுத்தாலே எழுந்து போவியே, இன்னிக்கு என்னம்மா?"

"கேக்கணும்போல இருக்கு."

"நல்ல அகலமா, சேத்துல வழுக்காத டயர்."

"அப்புறம்?"

"ஸ்பிரிங்கை மாத்தி உயரமாக்கணும். முன்னாடி பெரிய லைட்டு... மீதிய நாளைக்குப் பேசலாமே. தூக்கம் வருதும்மா."

"தூங்காதே! என்ன பெயின்ட்டு?"

அவள் அவன் கையை இறுக்கி அழுத்தினாள்.

"டேய், உன்னத்தான் கேக்குறேன்!"

"நீலம்" என்றான் ஈனக் குரலில்.

தேய்ந்த டயர் வழுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்த பிக்கப்புக்குள் அவன் சிக்கியிருந்தான். உடைந்த ஜன்னல் வழியே மகனின் கையைப் பிடித்தபடி அவள் சேற்றில் குப்புறப் படுத்திருந்தாள். "ஆள் வர்ற வரைக்கும் பேச்சுக் கொடுங்க, கண்ணை மூட விடாதீங்க" என்று ஆம்புலன்ஸ்காரர் போனில் சொல்லியிருந்தார்.

தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

"வண்டியை வெட்டித்தான் ஆளை எடுக்கணும்மா."

"துண்டு துண்டா வெட்டுங்கய்யா!"

ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் அவன் கண்ணைத் திறந்தான்.

"என் வண்டியை வெட்டச் சொல்ல நீ யாரும்மா?"

அவன் சண்டைக்கு வந்ததும்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.