அவள் பெயரில் வந்த மெயில்

"இனிமே உன் வீட்டுக்குள்ள ஈ, எறும்புகூட நுழைய முடியாது, அம்மிணி" என்றான் கேஷவ்.

சஹானா வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சொன்னது மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரை.

புனேயின் ஔந்திலிருந்து, அதே ஊரின் மறுகோடியில் லோஹேகாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அவன் வந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. இன்று வந்ததுகூட அந்தக் கம்ப்யூட்டருக்காகத்தான். அதில் ஏதோ வைரஸ் புகுந்து, போன திங்கட்கிழமையிலிருந்து அவள் பெயரில் ஊரெல்லாம் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. கேஷவின் ஆபீஸுக்கே சில வந்துவிட, செக்யூரிட்டி ஆட்கள் அவனைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள்.

"இலவசமா கிடைக்குதுன்னு எதையோ இறக்கியிருக்கே. அது வழியாத்தான் வந்திருக்கு" என்றான். போட்டோக்களைத் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை முழுக்கத் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தான். ஆன்டிவைரஸ், அப்டேட், நீளமான பாஸ்வேர்டு என்று எல்லாம் கச்சிதம்.

சஹானா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, காதுல பஞ்செல்லாம் வச்சிருக்கே? சளியா?"

"லேசா."

"புனே குளிரு அப்படித்தான். மாப்பிள்ளை எப்ப வர்றாரு?"

"லீவு கேட்டாரு. கிடைக்கல. அடுத்த மாசம்தான்." அவள் கணவன் விச்சு ஏர்ஃபோர்ஸ். எல்லைப் பக்கம் ட்யூட்டிக்குப் போயிருந்தான்.

தட்டிலிருந்த கோந்து லட்டு ஒன்றை எடுத்துக் கடித்தான் கேஷவ். "பிரமாதமா இருக்கே! ஏது?"

"பக்கத்து க்வார்ட்டர்ஸ் மராத்திக்காரம்மா செஞ்சு கொடுத்தாங்க. உடம்பு தேறணும்னு."

"நல்ல மனுஷி" என்று இன்னொன்றையும் எடுத்துக்கொண்டான். "ஆமா, வியாழக்கிழமை கூப்பிட்டிருந்தியே, என்ன? மீட்டிங்ல இருந்தேன். எதுன்னாலும் மெயில் போடுன்னு மெசேஜ் அனுப்பினேனே, பார்த்தியா?"

"பார்த்தேன்" என்றாள் சஹானா. அவன் வந்ததிலிருந்தே அவள் முகம் கொடுத்துப் பேசவில்லைதான். கம்ப்யூட்டரைக் கெடுத்துக்கொண்ட வருத்தம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

டீ போட, சுவரைப் பிடித்தபடி மெல்ல எழுந்து போனாள். கேஷவ் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நல்லவேளை, திங்கட்கிழமையே நான் உஷாராயிட்டேன். பெரியப்பா, சித்தி, கோயமுத்தூர்ல ஒருத்தர் பாக்கியில்லாம நானே போன் போட்டுச் சொன்னேன். சஹானா பேர்ல எந்த மெயில் வந்தாலும் திறக்காதீங்க, அழிச்சிடுங்கன்னு. என் மெயில்ல உன் அட்ரஸிலிருந்து வர்றது நேரா குப்பைக்குப் போற மாதிரியே வச்சுட்டேன்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்ப, யாருமே படிச்சிருக்க மாட்டாங்களா?" என்று குரல் மட்டும் வந்தது.

"படிச்சா என்ன ஆகறது! பெரியப்பா மட்டும் எதையோ பார்த்துட்டுப் பதறிப் போய்க் கூப்பிட்டாரு. 'என்னப்பா, ஆஸ்பத்திரி அது இதுன்னு வந்திருக்கே, புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா'ன்னாரு. எல்லாம் ஏமாத்து வேலை பெரியப்பா, நீங்க அழிச்சிட்டுத் தூங்குங்கன்னேன்."

சஹானா டீயுடன் வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அத்தனை நேரம் இருந்த கோபம் அவள் முகத்தில் இல்லை.

கேஷவ் கடைசி வேலையாக அவள் மெயிலைத் திறந்தான். வைரஸ் அனுப்பிய குப்பையை அழிக்க வேண்டும். எல்லாம் இங்கிலீஷில், ஒரே அச்சு: ஆபத்தில் இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே இந்த லிங்க்கை அழுத்துங்கள். கொத்துக் கொத்தாக அழித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"அடேயப்பா, இதைப் பாரேன்! தமிழ்லயே எழுதியிருக்கு!" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பல்லாம் நம்ம பழைய மெயிலைப் படிச்சிட்டு, அதே தினுசுல எழுதிடுது அம்மிணி. ஆனா லிங்க் வைக்க மறந்துடுச்சு."

சத்தமாகப் படித்தான்.

"'அண்ணா, மூணு மாசம் முடியட்டும், அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தோம். இன்னைக்குக் காலையில குழந்தை கலைஞ்சு போயிடுச்சு. அவரால வர முடியல. ஆஸ்பத்திரியில தனியாப் படுத்திருக்கேன். நீயோ, அண்ணியோ, பெரியப்பாவோ, யாராவது ஒருத்தர் வாங்களேன். பயமா இருக்கு.'"

"அச்சு அசலா நீ பேசற மாதிரியே இருக்கு!" என்றபடி, அதையும் அழிக்க மவுஸை நகர்த்தினான்.

சஹானா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எழுதினதுதாண்ணா."