தங்கக்கால்

"காலை நீட்டுங்க" என்றாள் பூங்காவனம். கிண்ணத்தில் மஞ்சள் அரைத்து வைத்திருந்தாள். அம்மன் கோயில் தீக்குழியில் இறங்கப்போகும் புருஷனுக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மருதை காலை நீட்டினார். தேர் ரூஜ் ஊரில் அந்த இடது காலுக்குத் தங்கக்கால் என்று பெயர். வேலவர் கால்பந்து அணிக்கு அவர் ஆடிய காலத்தில், பந்தை எங்கே நினைக்கிறாரோ அங்கேதான் அது போய் விழும் என்பார்கள்.

குதிகாலைத் தடவியவள் திடுக்கிட்டாள். ஒரு கரும்புச் சிராய் ஆழமாக ஏறி, சுற்றிலும் ரத்தம் காய்ந்து கிடந்தது.

"ஐயோ, இது எப்பங்க குத்துச்சு?"

"கரும்புத் தோட்டத்துல நடக்குற காலு. குத்தாம முத்தமா குடுக்கும்? புடுங்கிப் போடு."

பிடுங்கினாள். அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. வெறுங்காலில் ஆடி வளர்ந்த மனுஷன் முள்ளுக்கா பயப்படுவார் என்று நினைத்து மஞ்சளைப் பூசினாள்.

எல்லாம் ஒரு பெனால்ட்டியால் வந்த வினை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், சர்க்கரை ஆலை அணியோடு இறுதி ஆட்டம். கடைசி நிமிஷத்தில் தங்கக்கால் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே பறந்து கரும்புக்குள் விழுந்தது. கால் வழுக்கிவிட்டது என்றார் மருதை.

அடுத்த அறுவடைக்கு ஆலைக்காரர்கள் அவரைக் கூலிகளுக்கு மேலே சர்தார் ஆக்கினார்கள். நன்றாக வேலை செய்கிறவனுக்கு மேல்வேலை கொடுக்கக் கூடாதா? ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஆட்டத்தை விற்றுவிட்டான் என்றது ஊர்.

"ஆட்டத்துக்கு முந்தின நாளு ஆலை மானேஜர் பங்களா பின்வாசல்ல இவன என் கண்ணால பார்த்தேன்" என்றார் கோல்கீப்பர் விநாயகம். அன்றோடு அணியில் ஒருவரும் மருதையிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

இந்த வருஷம் அணிக்கு வெள்ளி விழா. பழைய ஆட்டக்காரர்களைப் பேர் சொல்லி மைதானத்துக்குள் கூப்பிடப் போகிறார்கள். மருதைக்கு மட்டும் அழைப்பு இல்லை. மானத்தை விட்டு, போன மாசம் அவரே அவர்களைத் தேடிப் போய் நின்றார்.

"ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லிக் கூப்புடுங்கப்பா. அது போதும் எனக்கு."

"நெருப்பில்லாம புகையுமா?" என்றார் விநாயகம். இப்போது அணித் தலைவர் அவர்தான்.

"நெருப்புன்னு நீயே சொல்லிட்ட. அம்மன் தீக்குழியில ரெண்டு பேரும் எறங்குவோம். பொய் சொன்னவன் காலு வேகட்டும்."

விநாயகத்துக்குத் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை. வருஷக்கணக்காக ஷூவுக்குள் இருந்த பாதம். ஆனாலும் அவர் தயங்கவில்லை. "பார்த்ததத்தான சொன்னேன். எனக்கென்ன பயம்?"

இருவரும் விரதம் இருந்தார்கள். மஞ்சள் துணி கட்டினார்கள். தீமிதி அன்று சாயங்காலம் கங்கு சிவந்து கிடக்க, பம்பை முழங்க, அணி மொத்தமும் குழி ஓரம் வந்து நின்றது.

முதலில் விநாயகம் இறங்கினார். மூன்று அடிதான் வைத்திருப்பார். அலறிக்கொண்டு பக்கவாட்டில் தாவிக் கூட்டத்தின் நடுவே விழுந்தார். தாங்கிப் பிடிக்க ஒரு கைகூட நீளவில்லை.

அடுத்து மருதை. எலுமிச்சம்பழத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிரகாரம் சுற்றுகிறவர் போல நிதானமாக நடந்தார். நடுக்குழியில் நின்று அணிக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து, தீக்குழி முடிவில் இருந்த பால்குழியில் கால் வைத்தார்.

"அலே மருதை! அலே!" என்று, அந்த நாள் ஆட்டத்தில் உற்சாகப்படுத்தியது போலவே கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த நாள் கேப்டன் கோபாலன் ஓடிவந்து அவர் முன்னால் விழுந்தார். "பார்தோன் அண்ணே, எங்கள மன்னிச்சுடு!"

தங்கக்காலை மண்ணில் படவிடாமல் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். மருதை, மருதை என்று ஊரே பேர் சொல்லிக் கூப்பிட்டது. விநாயகத்தின் முகத்தில் ஒருவன் காறித் துப்பினான். வெந்த காலைப் பிடித்தபடி "பார்த்தேனே, நான் பார்த்தேனே" என்று அவர் முனகிக்கொண்டே கிடந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மனுக்கு மேலே சாட்சி உண்டா?

மருதையை வீட்டு நாற்காலியில் இறக்கிவிட்டு, அணிக்காரர்கள் வாசலில் பட்டாசு கொளுத்தினார்கள். பூங்காவனம் ஆனந்தக் கண்ணீரோடு தண்ணீர் கொண்டுவந்து, அவர் காலைத் தூக்கி மடியில் வைத்தாள்.

மஞ்சள் இல்லை. தோலும் இல்லை. இரண்டு பாதமும் வெந்து சதை தெரிந்தது. சிராய் பிடுங்கிய இடத்தில் ஒரு கங்கு கரியாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ... வலிக்கலியாங்க?"

"சர்க்கரை வியாதி. காலு மரத்துப்போயி ரெண்டு வருஷமாச்சு. ஒங்கிட்ட சொல்லல."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மரத்த காலோட ஏங்க எறங்குனீங்க? நீங்கதான் தப்பே பண்ணலியே! நல்ல காலா இருந்தப்பவே எறங்கியிருந்தாலும் அம்மன் காப்பாத்தியிருப்பாளே!"

வாசலில் இன்னும் அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மருதை கதவைச் சாத்தச் சொன்னார். அவள் சாத்திவிட்டு வரும்வரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் பந்து நான் நெனச்ச எடத்துக்குத்தான் போச்சு, பூங்காவனம்."