நெருப்புப் பாடம்

இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் வாசிப்பதை உணரவைக்கும் மின்கையுறை மாட்டிக்கொண்டுதான் அறிவியல் வாசிப்பார்கள். 'பனி' என்று வாசித்தால் உள்ளங்கை குளிரும். 'நெருப்பு' என்றால் இதமாகச் சூடேறும், பக்கத்தைப் புரட்டியதும் நின்றுவிடும். உண்மையான மெழுகுவத்தி ஒன்றைக் கொளுத்திக் காட்டலாமா என்று எஸ்தர் டீச்சர் ஒருமுறை கேட்டார். தலைமையாசிரியர் கூடாது என்றார். எஸ்தரும் அதோடு விட்டுவிட்டார்.

வெப்பப் பாடத்தில் வகுப்பிலேயே நிலானிதான் முதல். அந்தப் பாடம் முடிந்த அன்று மாலை அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போன நேரத்தில், நிஜக் கல்லும் கையுறை மாதிரி இதமாகத்தான் சுடுமா என்று பார்க்க அவள் உள்ளங்கையை அதில் வைத்து அழுத்தினாள்.

மருத்துவமனையில் எஸ்தரைக் கண்டதும் அம்மா வெடித்தாள். "சுடும்னு நீங்க சொல்லவே இல்லையா டீச்சர்?"

"சொன்னேன்மா. அவளே சத்தமா வாசிச்சா."

கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் கிடந்த நிலானி டீச்சரைப் பார்த்தாள்.

"கையை எடுத்துட்டேன் டீச்சர். ஆனா இன்னும் சுடுது. எத்தனை பக்கம் படிச்சா நிக்கும்?"

எஸ்தர் அருகில் உட்கார்ந்து அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருடமாகப் பாடம் நடத்தியும் ஒருநாள்கூட அந்தக் கையைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.